முதற் சீட்டு

ஹைடெல்பர்க், ஜனவரி, காலை ஒன்பதே கால்.
நெக்கார் ஆற்றுக்கு மேல் மூடுபனி இன்னும் கலையவில்லை.
செயற்கைப் புல்லில் படிந்த உறைபனி
சப்பாத்து ஆணி பட்ட இடமெல்லாம் நறுக் நறுக்கென்று உடைகிறது.
முப்பது மீட்டர்.
இரு முனையிலும் முக்காலி மேல் சிவப்புக் கண்கள்.
ஆறு தரம் ஓட வேண்டும், அரை நிமிடத்துக்கு ஒரு தரம்.
மிச்ச நொடிகளில் திரும்பி நடந்து வா,
அதற்குப் பெயர் ஓய்வு.

போன ஒக்டோபரிலும் இதே சோதனை.
ஸ்க்ரம்மின் முன்வரிசைக்காரி, எண்பத்தாறு கிலோ,
என் சோர்வுச் சுட்டி ஒரு வீதத்துக்கும் கீழே.
விங்கில் பறக்கிற செனைட்டுக்கே ஆறு.
அப்போதைய பயிற்சியாளர் தாளைச் சுவரில் ஒட்டி
என் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.
எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மன்ஹைமில் அம்மா சீட்டுப் பிடிக்கிறா.
பதினாலு பேர், ஆளுக்கு இருநூறு யூரோ.
"முதல் மாசமே கூறி எடுக்கிறவள் அவசரக்காரி.
கழிவிலையே கொட்டிப் போடுவாள்.
நீ பொறுத்திரு."
நான் கால்களிடம் அதையே சொல்லி வைத்திருந்தேன்.
ஐந்து முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்தைந்து...
ஒரே உரலில் பிழிந்த இடியப்பம் மாதிரி ஆறு ஓட்டம்.

கெசீனே புதியவள், கீல் நகரத்துக்காரி,
கம்பளித் தொப்பிக்குள் பென்சில்.
"முதலில் ஒன்றே ஒன்று," என்றாள்,
"இதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்று நினைத்து ஓடு."
ஓடினேன். நான்கு தொண்ணூற்றெட்டு.
ஐந்து நிமிடம் இளைப்பாறி
ஆறில் முதலாவது: ஐந்து முப்பத்தொன்று.
"நில்."

டாப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"இந்த வித்தியாசம் எத்தனை மீட்டர், தெரியுமா?"
இரண்டுக்குக் கிட்ட.
மூலைக்கொடி அருகே எதிராளி பந்தோடு விழுந்தபோது
என் விரலுக்கும் அவள் சட்டைக்கும் நடுவே
அதில் பாதிகூட இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

மறுபடி ஐந்து நிமிடம். மறுபடி கோடு.

ஐந்து பூச்சியம் ஒன்று.
இரண்டாவதில் குளிர் தொண்டையைக் கீறியது.
மூன்று.
நான்காவதில் தொடைகள் வேறு யாருடையவோ ஆயின,
பழக்கமில்லாத கனமான ஒருத்தியுடையவை.
ஐந்தாவதில் வாளிக்கு மேல் குனிந்திருந்த வீப்கே
வாயைத் துடைத்துக்கொண்டு என் பெயரைக் கத்தினாள்,
பாதிதான் கேட்டது: "...ரோஜா!"
ஆறாவதில் யாரோ வாயிலைத் தூக்கிக்கொண்டு
பின்னால் நடந்துகொண்டே இருந்தார்கள்.
ஐந்து எண்பது.

சுட்டி ஏழு வீதத்துக்கும் மேலே.
கூட்டிப் பார்த்தேன், விடவில்லை மனம்:
ஒக்டோபரின் மொத்தத்தைவிட இன்றைக்கு
நொடியில் எட்டிலொரு பங்கு கூட.
இதைச் சுவரில் ஒட்டினால் யார் கோடு போடுவார்கள்?
கெசீனே காது மடலில் ஊசியால் குத்தினாள்,
தோடு கழற்றிய துளைக்குப் பக்கத்தில்.
ஒரு சொட்டு. அதிலும் ஒரு எண் இருக்கிறதாம்.

டிராம் வந்தது. ஒற்றைப் படி.
கால் எழவில்லை.
கம்பியைப் பிடித்து ஒரு காலைக் கையால் தூக்கி வைக்கிறேன்,
சாரதி கண்ணாடியில் பார்த்துக் காத்திருக்கிறான்.
அப்போது பார்த்து அம்மாவின் அழைப்பு.
பவளராணி அக்கா இந்தத் தரம் முதலே கூறிவிட்டாவாம்,
சொல்லச் சொல்லக் கேளாமல்,
கழிவு அறுநூறு.
"என்னத்துக்காம்?"
"கேட்டனான். இப்பதான் தேவை எண்டா."

கதவு மூடியது.
நல்லது, என்றேன்,
மூச்சு வந்த பிறகு.