புள்ளிக் கணக்கு

பள்ளத்தூர்த் தண்ணீர்த் தொட்டிமேல் எங்கள் ரிப்பீட்டர்.
காரைக்குடிக்குக் கேட்கிறது,
பினாங்குக்குக் கேட்கவில்லை. மூன்று ராத்திரியாக.
அடைக்கலம் ஏறி ஆன்டெனாவைப் பார்த்தான்,
குளவிக்கூடு தவிரக் குற்றமில்லை என்றான்.

பிறகுதான் கண்ணில் பட்டது:
பத்து புள்ளி பூஜ்யம் புள்ளி பூஜ்யம் புள்ளி ஐந்து.
இங்கேயும் அதே எண்.
அங்கே தேனம்மையின் ரிப்பீட்டருக்கும் அதே.
கடல் தாண்ட வேண்டிய பாக்கெட்
தன்னையே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு
வாசல்கூடத் தாண்டாமல் சுற்றிக் கிடந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
ஒரு வீட்டுக்கு இரண்டு விலாசம், தபால்காரருக்குப் பழக்கம்தான்.
இரண்டு வீட்டுக்கு ஒரே விலாசம் என்றால்
அவர்தான் என்ன செய்வார்?

ஐந்தை ஆறாக்கினேன்.
சப்நெட் மாஸ்க்கை இரண்டு தரம் சரிபார்த்தேன்.
திரை கேட்டது: மாற்றத்தைச் சேமிக்கலாமா?

கோயில் நோட்டில் கல்யாணத்தன்று நாங்கள் ஒரு புள்ளி.
அவர் போன வருஷம்
அரைப்புள்ளி என்று திருத்தினார்கள், பாதி வரி.
என்னை எதுவும் கேட்கவில்லை.

சேமி.

"பள்ளத்தூர், நல்லாக் கேக்குது,"
தேனம்மை குரலில் கொஞ்சம் தகரம்.
இனி பத்து விநாடிக்கு ஒருதரம்
இரண்டு பெட்டிகளும் கேட்டுக்கொள்ளும்:
இருக்கியா? இருக்கேன்.

நான்கு எண், நடுவில் மூன்று புள்ளி.
மூன்றும் முழுசு.

வெளியே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்.
யாராவது அந்த மோட்டாரை நிறுத்துங்களேன்.