மரை

கேரம் போர்டில் உருட்டிப் பார்த்தேன்.
காய் வழுக்கி ஓடும் பரப்பில்
அச்சு நொண்டியது.
அடியில் வெளிச்சம் வந்தது, ஒளிந்தது, வந்தது.
முருங்கப்பாக்கம் பள்ளத்தின் கைவேலை.

நெல்லித்தோப்பு கடையில் இருதயராஜ்
நம்மூர் நட்டைத் திருகினார்.
இரண்டு சுற்று. அப்புறம் முரண்டு.
"பிரெஞ்சு மரை மேடம், சேராது.
இந்த ஓட்டை வண்டிக்கா இவ்வளவு?"
மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று
ஒருதரம் பார்த்தார்.

அச்சு, கோன், நட்டு
மூன்றும் இந்நாட்டுக்கு மாறின.
பால்ரஸ் மட்டும் பழசு,
மண்ணெண்ணெயில் கழுவியதும் கண்விழித்தது.

விடியுமுன் ஈசிஆரில்
இரு கையும் விட்டு ஓட்டினேன்.
பின்சக்கரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வளைந்த அச்சு இப்போது மேசையில்,
கரண்ட் பில் மேல்.
மின்விசிறி எவ்வளவு சுற்றினாலும்
உருண்டு விழாது.
கோணல்தானே.