முப்பது மில்லி

வூச் நகரத்து டிராம் ஓட்டுநர் போகுமிவா
மூன்றாம் நாள் நடக்கிறாள்.
சலைன் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு
கழிப்பறை வரை, ஒரே நிறுத்தம்.

வெட்டியது வயிற்றை. வலிப்பதோ தோள்பட்டை.
உள்ளே ஊதிய காற்று வழி தேடுகிறதாம்.
நடந்தால் போய்விடும் என்கிறாள் நர்ஸ்.

சாண் வயிறு என்பதெல்லாம் சும்மா பேச்சு.
இவளுக்கு விட்டுவைத்தது
ஒரு வாழைப்பழ அளவு.

வீட்டில் அளவுக் குப்பி இல்லை.
அலமாரியில் ஸெனானின் வோட்கா கிண்ணம்,
அவன் போன பிறகு யாரும் தொடாதது.
அதில் கோழிச்சாறு ஊற்றி
கால் மணி நேரம் உறிஞ்சுகிறாள்.

அவன் ஒரே மடக்கில் கவிழ்ப்பான்.
பத்துக் கிண்ணம் கவிழ்த்த இரவுகளில்
எதிரே உட்கார்ந்து இவள் தின்றாள்
ரொட்டி, பன்றிக்கொழுப்பு,
மறுபடி ரொட்டி.

இப்போது பசி இல்லை. அதுதான் பயம்.
ஆறு மணியானால் கை மட்டும் தானாகப் போய்
ரொட்டிப் பெட்டியைத் திறந்து
மூடிவிட்டு வருகிறது.

ஜன்னலுக்குக் கீழே பத்தாம் எண் டிராம்
வளைவில் மணி அடிக்காமல் திரும்புகிறது.
கற்றுக்குட்டி நாயே, என்று கத்துகிறாள்.
தையல் சுரீரென்று இழுக்கிறது.
தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு
இன்னொரு முறை,
நிதானமாக,
திட்டுகிறாள்.