மூன்று சிரிப்பு

குர்லா மாலின் வாசலில்
பையைத் திறக்கச் சொன்னாள் காவல்காரி.
டப்பாவில் தட்டை, செய்தித்தாளில் சுற்றிய அதிரசம்,
அடியில் தண்ணீர் பாட்டில்.
"உள்ளே விடமாட்டாங்கம்மா" என்று ரூபிணி
ஏற்கனவே மூன்று தடவை சொல்லியிருந்தாள்.
காவல்காரி டப்பாவை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
நான்கு தட்டை அவள் மேசைக்கு இடம்மாறின.
டப்பா பைக்குள் மறைந்தது.
அன்றைய முதல் மாயம் அதுதான்,
டிக்கெட் கிழிபடும் முன்பே.

படம் இந்தியில்.
இங்கே வந்து பதினாறு வருசம்.
காய்காரனோடு சண்டை போட,
ரேஷன் கடையில் கெஞ்ச,
வார்டில் நோயாளியைத் திரும்பிப் படுக்கச் சொல்ல
என் இந்தி போதும்.
மந்திரவாதிகள் பேசும் இந்தி வேறு மாதிரி.
அதனால் எங்கள் வரிசையில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும்
மூன்று சிரிப்பு:
முதலில் பிள்ளைகள்,
ஒரு மூச்சு கழித்து அவர்,
தளவாய் என் காதில் தமிழில் சொன்னபின் நான்.
நான் சிரிக்கும்போது
திரையில் யாரோ செத்துக்கொண்டிருப்பார்கள்.
முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

எனக்குப் புரிந்தவரை கதை இது:
அப்பாவை ஒரு மணல்கடிகாரத்துக்குள்
அடைத்துவிட்டான் சூனியக்காரன்.
அக்காவும் தம்பியும் மலையுச்சியிலிருந்து
மேகத்துக்கு ஏற வேண்டும். படிக்கட்டு கிடையாது.
காலைத் தூக்கினால்தான் அடியில் ஒரு படி முளைக்கும்.
பயந்து தூக்கினால் முளைக்காது.
அந்தச் சின்னப் பையன் காலைத் தூக்கியபோது
அரங்கமே பாப்கார்னை மறந்தது.
பேச்சிமுத்து மட்டும்
(பேர் சொன்னால் என்ன, இருட்டுதானே)
என் பக்கம் சாய்ந்து, "சென்சார் வச்சிருப்பான்" என்றார்.
லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால்
சொர்க்கவாசலுக்கும் வயரிங் சொல்வார்.
ஆனால் அவருடைய இடதுகால்
செருப்பைவிட்டு அரை அங்குலம் எழும்பியிருந்ததைப்
பார்த்துவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு வந்தது அது:
யானை உடம்பு, மரவட்டைக் கால்கள்,
தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லாந்தர்.
அதற்கு மொழி கிடையாது.
ம்ம்ம். ஊஊம். அப்புறம் ஒரு தும்மல்.
தும்மியதில் சூனியக்காரன் தாடி பற்றிக்கொண்டது.
நால்வரும் ஒரே நொடியில் சிரித்தோம்.
யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.
கண்ணாடிக்கு மேல் மாட்டிய கண்ணாடி
நழுவ நழுவ
சிரித்து முடித்தபோது அந்தக் காட்சியே போய்விட்டது.

திரும்பும்போது மழை.
சயானில் இறங்க வேண்டும், கதவை அடைத்துக் கூட்டம்.
படத்து மந்திரத்தை ரூபிணி முணுமுணுத்தாள்.
ஒருவரும் அசையவில்லை.
"உதர்னா ஹை!" என்றேன் நான், வார்டுக் குரலில்.
வழி பிளந்தது.

கட்டடத்தில் கரண்ட் இல்லை.
இருந்தாலும் ஒன்றுதான்:
ஊர் லிஃப்டையெல்லாம் பார்க்கிறவர் வீட்டு லிஃப்ட்
எட்டு மாதமாய்ச் செத்துக் கிடக்கிறது,
சொசைட்டி பணம் கட்டாமல்.
ஏழாவது மாடி.
தளவாய் இருட்டில் காலைத் தூக்கினான்.
"முளைச்சிருச்சு" என்றான்.
அடுத்த காலுக்கும், "முளைச்சிருச்சு."
நாலாவது மாடியில் என் மூட்டு
சூனியக்காரன் பக்கம் சேர்ந்துகொண்டது.
அங்கேயே உட்கார்ந்து மீதித் தட்டையைத் தின்றோம்.

"அந்த லாந்தர் கடைசியில என்ன சொல்லுச்சு?"
"டாட்டா சொல்லுச்சு" என்றாள் ரூபிணி.
"ஒயரு சூடாகுதுன்னு" என்றார் அவர்.
நான் சொல்லவில்லை.
அந்தப் படத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த பேச்சு
அது ஒன்றுதான்.

சாவிக்குப் பையைத் துழாவினால்
திருப்பிக் கொடுக்காத த்ரீடி கண்ணாடி ஒன்று.
தளவாய் பிடுங்கி மாட்டிக்கொண்டான்.
செல்போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான்.
பின்னால் ஓரடி நகர்ந்து கத்தினான்:
"அம்மா, நீ வெளியே வர்றே!"