இருபத்துநாலு

தூசி மூன்று மணிக்கே வந்துவிட்டது.
ஃபர்வானியாவில் எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை,
அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்
ஆரஞ்சு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்துவிட்டு
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

ஜம்இய்யாவில் வாங்கிய பாக்கெட்.
முக்கோணம் முக்கோணமாய் மாவுத் தாள்,
தூக்கிப் பிடித்தால் டியூப்லைட் தெரிகிற மெலிசு.
வெள்ளைச் சீஸை உதிர்த்தேன்.
உப்பு கூடுதல், ஒரு தண்ணீர் அலசு
என்று சொல்லியிருந்தாள் கூல்சென்.
பக்தூனிஸ் இலை ஒரு கைப்பிடி.
அவள் சொல்லாத பச்சைமிளகாய் இரண்டு.

கூல்சென் எங்கள் சலூனில் முடி வெட்டுகிறவள்.
நான் துண்டு துவைக்கிறவள், வெட்டிய முடியைக் கூட்டுகிறவள்.
எங்கள் இருவருக்கும் பொதுவாய்
நாற்பது அரபிச் சொல் இருக்கும்.
அதில் பத்து, சம்பளத்தைப் பற்றியது.

இதுக்குப் பேர் என்ன என்று கேட்டதற்கு
இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை ஊதிக் காட்டினாள்.
சிகரா. சிகரெட்.
நான் சிரித்த சிரிப்பில்
தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்த மேடம்
கண்ணாடிக்குள் என்னைத் தேடினாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வேன்?
மேலப்பாளையத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து
தினம் ஆயிரம் சுருட்டினவள் நான்.
தகரம் வைத்து வெட்டிய இலை,
மடியில் முறம், பிடரியில் வலி.
கடைக்காரர் கட்டைக் காதருகே உருட்டிப் பார்த்து
நூற்றுக்கு எட்டைக் கழித்துப் போடுவார்.
கழித்ததையும் அவரே விற்பார்.
நினைத்து ஏங்க அதில் ஒன்றுமில்லை எனக்கு.
விரல்தான்,
மறக்க மாட்டேன் என்கிறது.

தாளை விரித்ததும் அது முந்திக்கொண்டது.
அகன்ற ஓரத்தில் சீஸ் ஒரு கோடு,
இரு பக்கமும் உள்ளே மடக்கு,
ஒரே உருட்டு.
நுனியில் தண்ணீர் தொட்டு ஒட்டவேண்டிய நேரத்தில்
கை நூலைத் தேடியது.
கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.
எல்லாம் ஒரே அளவு, ஒரே இறுக்கம்.
எந்தக் கடைக்காரரும் ஒன்றைத் தள்ள முடியாது.

எண்ணெய் தள்ளியது.
முதலில் போட்ட நாலும் வெடித்து
சீஸ் பிதுங்கிச் சீறி
மணிக்கட்டில் ஒரு கொப்புளம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
உடனே அவள் குரல் வந்தது, பின்னால் யாரோ அழும் குழந்தை:
லா, லா. ஷ்வய் ஷ்வய்.
உள்ளே ஹவா வேணும், ஹபீப்தி. ஹவா.

காற்று.
ஊரெல்லாம் அதை மூடி அடைத்துக்கொண்டிருக்கும் நாளில்
இருபதையும் பிரித்து
அதற்கு இடம் விட்டுச் சுருட்டினேன்.
இறுக்காமல் சுருட்டுவது
இத்தனை கடினம் என்று தெரியாது.
ஒன்று பருத்தது, ஒன்று கோணிற்று,
ஒன்றின் வாய் சரியாக மூடவில்லை.
மெதுவாய் உருண்டு உருண்டு
பூனை முதுகு நிறத்துக்கு வந்தன எல்லாம்.
ஒன்றுகூட வெடிக்கவில்லை.

பக்கீர் ஏழு மணிக்கு வந்தார்,
தண்ணீர் லாரியின் தூசி முழுதும் புருவத்தில்.
போன மார்கழியில் டாக்டர் புகையை நிறுத்தியதிலிருந்து
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கிற மனுஷர்.
ஒன்றை விரலிடுக்கில் செருகி, கண்ணை மூடி, இழுத்து,
பிறகு கடித்தார்.
மொறுக்.
"சூடு" என்றார். பிறகு "மிளகாயா?" என்றார்.
ஐந்தாவதைத் தின்னும்போதுதான் கையே கழுவவில்லை என்று
நினைவு வந்தது அவருக்கு.

நாளைக்கு ஆறை டப்பாவில் எடுத்து வைத்தேன்.
மிளகாய்க்குக் கூல்சென் திட்டுவாள்,
எந்த மொழியில் என்று பார்க்கவேண்டும்.

கட்டுக்கு இருபத்தைந்து, எங்கள் கணக்கில்.
இந்தப் பாக்கெட்டில் இருபத்துநாலு.
அடுப்பை அணைத்த பிறகும்
ஈரம் தொட்ட விரல்
இன்னொரு தாளுக்குக் காத்திருந்தது.
முந்தானையில் அதைத் துடைத்தேன்,
போதும் என்று சொல்லி,
இரண்டு தடவை.