ஐஸ் ஏற்றும் பெட்டிக்குப் பலகை

உவர்மலை ஏற்றத்தில் ஒரு ஐஸ்கட்டி
பலகையை உடைத்துக்கொண்டு றோட்டில் விழுந்தது.
பின்னால் வந்த ஓட்டோக்காரன்
விலத்திப் போனான், ஏசிக்கொண்டு.
லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டிவிட்டுக்
குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தேன்.
மேலே பச்சை எனாமல்,
போன புரட்டாதியில் சில்வேஸ்டர் அடித்தது,
இன்னும் பளபளப்பு.
கீழே நனைந்த பாண்.
விரல் வைக்க விரல் உள்ளே போகிறது.

"கீழ்ப்பக்கத்தை ஆர் அக்கா பாக்கப்போகினம்"
என்று சொன்னவன் அவன்தான்.
தண்ணி பார்த்திருக்கிறது.

கிண்ணியாப் பாலத்துக்கு அங்கால்
லாபிரின் மரக்காலை.
மருதைக் காட்டினேன்.
குளக்கரையில் முழங்கால் தண்ணியில்
வருசக்கணக்காய் நிற்கிற மரம்தானே,
ஐஸ்தண்ணி என்ன செய்யும் என்றேன்.
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்:
"நிக்கிற மரம் குடிக்கும்.
அரிஞ்ச மரம் ஊறும்.
ரெண்டும் ஒண்டில்ல, தங்கச்சி."

பாலை. தட்டினால் இரும்பின் சத்தம்.
கறையான் பல்லுடைந்து திரும்பும் என்றார்.
ஆனால் பெட்டி முழுக்கப் பாலை போட்டால்
நடைக்கு இரண்டு கட்டி குறைக்கவேண்டும்.
கொப்பியின் கடைசித் தாளில் பெருக்கிப் பார்த்தேன்,
ஏற்றம், டீசல், மாதம் இருபத்தாறு நாள்.
முதிரையில் வைத்த கையை
விலை கேட்டதும் எடுத்துவிட்டேன்.
ப்ளைவூட் ஒரு மாரிக்குக் காணும்.
கப்பலில் வந்த பெட்டி உடைத்த பைன்
வாசமாய் இருந்தது,
கொஞ்ச நேரம் மணந்துகொண்டு நின்றேன்.

கடைசியில்
கட்டி வந்து மோதுகிற நடுவுக்கு மூன்று பாலை,
இரு பக்கமும் வேம்பு.
வடிவில்லை. கறுத்த சிவப்பும் வெளிறின சிவப்பும்,
ஒட்டுப்போட்ட சாரம்போல.

பச்சை மரத்தைப் பூட்டாதே என்றார் லாபிர்.
இடையில் குச்சி வைத்து அடுக்கிக்
கச்சான் காற்றுக்குக் கொடுத்தேன்.
மூன்று கிழமை.
சீட்டுக் காசுக்கு ஆள் வந்து
பலகை அடுக்கைப் பார்த்துவிட்டுப் போனது.
திருக்கடலூரில் என் படகுகளுக்கு
வேறொருவன் ஐஸ் இறக்கினான்.
அவனுடைய பெட்டி தகரம். சத்தம் வீடுவரை கேட்கும்.

கராஜில் பழைய எஞ்சின் ஒயில் சும்மா தருவார்கள்,
பூசு என்று எல்லோரும் சொன்னார்கள்.
அதைப் பூசித்தான் யேசுரத்தினம்
ஐஸ் ஏற்றி, பாரைக்குட்டி டீசல் மணத்து,
கொழும்பு லொறிக்காரர்
கூடையோடு திருப்பி இறக்கினார்.
நான் லின்சீட் வாங்கினேன்.
நாலு பக்கமும், பூட்டுவதற்கு முன்னம், மூன்று தரம்.
ஒவ்வொரு தரமும் காய்ந்து கையில் ஒட்டாதவரை பொறுத்து.
பலகை முதலில் குடிப்பது வெட்டுவாயால்;
அதற்குப் படகு ஒட்டுகிற குலவீரசிங்கத்திடம்
டப்பாவின் அடியில் கிடந்த றெசின்.

சில்வேஸ்டரைக் கீழே படுக்கவைத்துத்தான்
அடிப்பக்கம் பூசினேன்.
அவன் முகத்திலும் மூன்று தரம்.

ஆணி இல்லை, நாகம் பூசின போல்ட்.
துளைக்குள்ளும் எண்ணெய்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவில்
ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியின் தடிப்பு,
உருகினது நிற்காமல் ஓட.
குற்றியை இடைவெளி இடைவெளியாய்
அவன்தான் நகர்த்திக்கொண்டு வந்தான்.

திங்கள் விடியமுன் முதல் நடை.
கட்டிகளுக்கு மேல் லாபிர் தந்த மரத்தூள்,
என் பலகையை அரிந்தபோது விழுந்ததும்
அதற்குள் இருக்கும்.
உவர்மலையில் திரும்பிப் பார்த்தேன்.
றோட்டில் ஏழு ஈரக்கோடுகள்,
நாய் ஒன்று ஒரு கோட்டை மட்டும்
நக்கிக்கொண்டு வந்தது.

கரையில் இறக்கும்போது சில்வேஸ்டர்
குற்றியைத் தேடினான்.
பாலைக்கும் வேம்புக்கும் நடுவில் மறந்துபோய் விட்டது.
வேம்பு ஒரு நடையிலேயே கொஞ்சம் ஊறி
அதை இறுக்கிப் பிடித்திருந்தது.
கத்தியால் நெம்பினான்.
விடு என்றேன்.
எண்ணெயை எடுத்து
அந்த விளிம்பில் இன்னொரு தரம் பூசினேன்.