மாசக் கடைசி

இருபத்தைந்தாம் தேதிக்குமேல்
எங்கள் வீட்டில் மூட்டை கட்டுவோம்.
ஊருக்கா என்பாள் கீழ்வீட்டு ரஹ்மத்.
ஆத்துக்கு என்பேன்.
எந்த ஆற்றுக்கு என்று
சத்துவாச்சாரியில் யாரும் கேட்பதில்லை.
இருப்பது ஒன்று.
அதுவும் இல்லை.

மொட்டைமாடியில் பதினேழு பெயின்ட் வாளிகள்.
குணசீலன் வேலை பார்க்கும் லாட்ஜுக்கு
வெள்ளையடித்து முடித்த அன்று கேட்டு வாங்கி வந்தவை.
ஒன்றில் மட்டும்
ஐந்து வருட உத்தரவாதம் என்ற எழுத்து அழியவில்லை.
அதில்தான் எதுவும் முளைப்பதில்லை.

அரிசி களைந்தது கத்திரிக்கு.
மீன் கழுவியது அவரைக்கு.
சோப்புத் தண்ணீர் எதற்கும் ஆகாது, படிக்கட்டுக்கு.
பங்குனியில் முள்ளுக்கத்திரி காய்த்தபோது
இலவம்பாடிக்காரர் ஒருவர் மாடியேறி வந்து பார்த்தார்.
முள்ளு பத்தாதும்மா என்றார்,
காம்பைத் தொட்ட விரலைச் சப்பிக்கொண்டே.

சித்திரை பாதியில்
வேலூர் வெயில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடும்.
ராத்திரி பத்து மணிக்கும் குழாயில் வெந்நீர்.
மின்விசிறி சூட்டைப் பிசைந்து பிசைந்து
எங்கள்மேல் அப்பும்.
அப்படியொரு ராத்திரி பாயைச் சுருட்டியபடி
அவர்தான் சொன்னார்:
"சும்மா கிடக்குது அவ்ளோ மணல்."

கூடாரம் நான் தைத்தது.
யாரோ ஒரு தன்யாஸ்ரீயின் காதணி விழா பேனர்,
விழா முடிந்து சாக்கடையோரம் கிடந்தது.
கோணி ஊசி, சணல், மூன்று ஞாயிற்றுக்கிழமை.
அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்தேன்,
ஆற்றுக்கு எதற்கு விளம்பரம்?
படுத்தால்
பதினோரு தாய்மாமன்கள் கைகூப்பி
வருக வருக என்கிறார்கள்.
மீசை முறுக்கியவருக்குப் பிளஸி வேலை கொடுத்திருக்கிறாள்,
கொசு வராமல் பார்த்துக்கொள்ள.

மூன்று கல். சீமைக்கருவேல விறகு.
சாமைக் கஞ்சி, சுட்டுப் பிசைந்த கத்திரிக்காய்.
முழங்கை ஆழத்தில் ஊற்று வரும் என்றார்கள்.
இடுப்பளவு தோண்டினோம்.
ஈரம் வந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.
கேன் தண்ணீரில்தான் தட்டு கழுவினேன்.

விடுமுறையில் எங்கே போனாய் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்களாம்.
ஆபேல் எழுதியிருந்தான்:
பாலாற்றுக்குப் போனோம்.
அது ஊரில் இல்லை.
அதன் வீட்டில் படுத்துக்கொண்டோம்.
டீச்சர் நடுவரியை அடித்து
சிவப்பு மையில் வறண்டிருந்தது என்று திருத்தியிருந்தார்.

ஆடி மழை இரண்டு பெய்தபின் போனபோது
தட்டு கழுவிய இடத்தில்
ஒரு தக்காளிச் செடி.
கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாய் இரண்டு பழம்.
"நம்முளுதாம்மா?" என்றாள் பிளஸி.
"நாம துப்புனது, அவ்ளோதான்" என்றார் அவர்.
ஒன்றை நாலாக அரிந்து தின்றோம்.
புளிப்பு, காதுவரை ஏறியது.
மற்றதை என் முந்தானையில் முடிந்தேன்.

அடுத்த மாசக் கடைசியில்
செடி இருந்த இடம் இல்லை.
டிராக்டர் தடம்.
இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம்.
ஆபேல் எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கூப்பிட்டான்,
பள்ளம் அவனைத் திரும்பக் கூப்பிட்டது.
அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு
இருநூறு அடி தள்ளிக் கூடாரம் போட்டோம்.
அன்று தாய்மாமன்களோடு யாரும் பேசவில்லை.

கணக்கு நோட்டில் அந்த மாதம்:
மிளகாய்த்தூள் பன்னிரண்டு ரூபாய்.
பஸ் இல்லை, நடந்தோம்.
ஆபேல் செருப்பு தைக்க முப்பது.
மீதி நாற்பத்து மூன்று.

முந்தானை விதைகளைச் சாம்பலில் புரட்டி
செய்தித்தாளில் காயவைத்து
உத்தரவாத வாளியில்தான் போட்டேன்,
வேறு வாளி காலியில்லை.
ஒன்பது நாள் ஆகிறது.
ரஹ்மத் தினமும் மாடியேறி வந்து
ஆறு வந்துடுச்சா என்கிறாள்.
இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு
மீன் கழுவியதில் ஒரு குவளையை
அவரைக்குத் தெரியாமல்
இதில் ஊற்றுகிறேன்.